ஆழ்ந்த வலி

நம் பத்திரிகைகளில் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்தால், 'முதுகெலும்பில்லாதவன்' என்பதற்கு முதல் மூன்று இடங்களுக்குள் ஓர் இடம் நிச்சயம். சமரசத்துக்கு உடன்படாமை, கருத்தில் உறுதி, பரிசுகளின் முன் வளையாமை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு படிமமாக முதுகெலும்பு ஆகிவிட்டிருக்கிறது. படிமம் என்ற முறையில் அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு நினைவு வருவது ஒரு எழுத்தாளனின் நேர்மை அல்ல; ஒரு நாயின் மூத்திரப்பை.

நாயின் பெயர் மணி. திருநெல்வேலியில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். ஜாதி டாஷண்ட். எங்கள் கிளையிலிருந்து வடக்கே மாற்றலாகிப் போன ஒரு மானேஜர் 'ஒரு மாசம் வச்சுக்கிடுங்க' என்று விட்டுப் போனது. அவர் திரும்பி வரவில்லை. இந்தச் சீமைக்கென்று நாய்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நீண்ட காலும் ஒட்டிய வயிறுமாக முயலை ஓடிப் பிடிக்கப் பிறந்தவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலைகூட வெளியிட்டார்கள். மணி அந்த வம்சமல்ல. ஜெர்மன் காடுகளில் வளைக்குள் புகுந்து பாட்ஜர் என்ற பிராணியை வெளியே இழுத்துப் போடுவதற்காக மனிதன் நீட்டியும் குறுக்கியும் செய்த உருவம் அது. அந்த வளைகளில் ஒன்றைக்கூடக் காணாமல், சிந்துபூந்துறையில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் கிடந்து, ஆற்றுக்குப் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

குட்டைக்கால் அழகு என்று சொல்கிறவர்கள் அதற்குக் கொடுக்கும் விலையைத் தெரிந்துகொள்வது நல்லது. டாஷண்டின் கால் எலும்பு வளராமல் நிற்பதற்குக் காரணம், எஃப்.ஜி.எஃப்.4 என்ற ஜீனின் உபரிப் பிரதி ஒன்று அது இருக்கக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. 2009-ல் பதினெட்டாவது க்ரோமோசோமில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் பன்னிரண்டாவதில் இன்னொன்று. இந்த இரண்டாவது பிரதிதான் டிஸ்க்கையும் கெடுக்கிறது. முதுகின் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். வெளியே நார் வளையம், உள்ளே வழுவழுப்பான கூழ். மற்ற நாய்களில் கிழடாகிற காலத்தில் மெதுவாக நடப்பது டாஷண்டில் குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. கூழ் குருத்தெலும்பாகி, பிறகு சுண்ணாம்பு ஏறி இறுகுகிறது. இள நுங்கு முற்றிக் கடுக்காயாகிறதல்லவா, அதேதான். ஒருநாள் திண்ணையிலிருந்து குதிக்கும்போது, அல்லது குதிக்காமலே, நார் வளையம் கிழிந்து அந்தக் கடுக்காய் மேல்நோக்கித் தெறித்துத் தண்டுவடத்தில் மோதுகிறது. ஸ்வீடன்காரரான ஹான்சென் 1950-களின் தொடக்கத்தில் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். இப்படித் தெறிப்பது முதல் வகை, மெல்லப் புடைத்து வருவது இரண்டாம் வகை. இன்றுவரை அந்தப் பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது.

மணிக்கு நேர்ந்தது முதல் வகை. நாய்க்கு மார்புப் பகுதியில் 13 முள்ளெலும்புகள், இடுப்பில் 7. நமக்கு 12-ம் 5-ம். மார்பு முடிந்து இடுப்பு தொடங்குகிற அந்த மூட்டில்தான் பெரும்பாலும் உடைகிறது. மணிக்கும் அங்கேதான். காலையில் பின்னங்கால்கள் தள்ளாடின, மதியம் இழுபட்டன, சாயங்காலம் இரண்டும் ஈரத்துணி மாதிரிக் கிடந்தன.

இனிச் சொல்லப்போகிற சோதனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் பின்னங்கால் விரல் ஒன்றை இடுக்கியால் பிடித்து எலும்புவரை அழுத்துகிறார். கால் வெடுக்கென்று மடங்குகிறது. 'உணர்ச்சி இருக்கு' என்று நாம் சந்தோஷப்படுகிறோம். டாக்டர் காலைப் பார்ப்பதே இல்லை. முகத்தைப் பார்க்கிறார். கால் மடங்குவது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்கிற வேலை. மூளைக்குத் தகவல் போகாவிட்டாலும் நடக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மேலே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆழ்ந்த வலி'. மற்ற உணர்ச்சிகளெல்லாம் போன பிறகு கடைசியாகப் போவது அது. அது இருந்தால், ஆபரேஷனுக்குப் பின் பத்தில் ஒன்பது நாய்கள் நடக்கும். போய்விட்டிருந்தால் பாதிக்குப் பாதி.

கால் மடங்குவதற்கும் தலை திரும்புவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கேட்டதும் ஒரு விமர்சகனுக்கு நாக்கில் நீர் ஊறும். ஒரு வரியைப் படித்ததும் வாசகன் 'ஆஹா' என்பது எந்த வகை, வாய்பொத்திப் பக்கத்தை மூடி வைப்பது எந்த வகை என்று ஒரு முழு ரசனைக் கோட்பாட்டையே இதிலிருந்து உருவிவிடலாம். நம் நண்பர்கள் சிலர் உருவவும் உருவுவார்கள். நான் அதைச் செய்வதாக இல்லை. மேசையில் கிடந்தது ஒரு நாய். அது தலையைத் திருப்பவில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக வாடகைக் காரில் வெளியூருக்குக் கொண்டுபோனோம். ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்லப்போவதில்லை. ஸ்கேன் எடுத்து, முள்ளெலும்பின் பக்கவாட்டில் ஜன்னல்போல் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உள்ளே சிதறிக் கிடந்ததை வழித்தெடுத்தார்கள். விடிகாலையில் சர்ஜன் வெளியே வந்து 'ஆபரேஷன் சக்ஸஸ்' என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. தண்டுவடத்தின் மேலிருந்த அழுத்தம் நீங்கிவிட்டது. அவர் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் ஒரு தாள்: ஆண்டிபயாடிக், வலிக்கு மாத்திரை, ஆறு வாரம் கூண்டில் ஓய்வு, பதினான்காம் நாள் தையல் பிரிக்க வரவும்.

அந்தத் தாளில் மூத்திரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டதற்குக் கம்பவுண்டர் 'தானாப் போகுது பாருங்க சார்' என்று நனைந்திருந்த துணியைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மா மணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். 'ஏலே, இது என்ன தேங்கா கணக்கா இருக்கு?' என்றாள். படுக்கையில் விழுந்த ஆச்சியை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். துணி நனைவதை வைத்து அவளை ஏமாற்ற முடியாது. 'இது போகலலே. நெறஞ்சு வழியுது' என்றாள்.

பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். மூளையின் கட்டளை அறுந்துபோனால் மூத்திரப்பையின் வாய் இறுகிக்கொள்கிறது. பை நிறைகிறது, விரிகிறது, தாங்க முடியாத கட்டத்தில் கொஞ்சம் வழிகிறது. பார்ப்பவர்களுக்கு அது போவதுபோல் இருக்கும். தேங்கிய மூத்திரத்தில் கிருமி பிடிக்கும். அளவுக்கு மீறி விரிந்த பை பிறகு நரம்பு திரும்பினாலும் சுருங்க மறந்துவிடும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை, வெளியிலிருந்து கையால் அழுத்தி, அதைக் காலி செய்ய வேண்டும். மற்றவையும் இருக்கின்றன. மூத்திர ஈரத்தில் தோல் வெந்துபோவது, அசையாமல் கிடப்பதால் இடுப்பெலும்பின் மேல் புண் வருவது, தையலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது, உணர்ச்சியற்ற காலை நாயே கடித்துக் குதறிக்கொள்வது, ஒரு டிஸ்க்கைச் சரிசெய்து முடித்த மறு வருஷம் பக்கத்து டிஸ்க் உடைவது. இவையெல்லாவற்றையும் சேர்த்து 'காம்ப்ளிகேஷன்' என்கிறார்கள். ஆபரேஷன் என்ற நேர்கோட்டில் அங்கங்கே விழுகிற முடிச்சுகள் என்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நேர்கோடு இரண்டரை மணிநேரம் இருந்தது. முடிச்சு இன்னும் இருக்கிறது.

மறுநாள் இராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். 2012-ல் தொடங்கியது அது. வேப்பேரியில் 1903-ல் கல்லூரி ஏற்பட்டு நூறு வருஷங்களுக்குப் பிறகும், இந்தப் பக்கத்துக்காரன் பெரிய வைத்தியம் என்றால் ரயிலேறத்தான் வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டேன். ஓ.பி.யில் எங்களுக்கு முன்னால் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. இளம் பெண் டாக்டர் ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்து, நாயின் அடிவயிற்றில் வைத்து, எங்கே திரண்டிருக்கிறது, எந்தப் பக்கமாக, எவ்வளவு அழுத்தமாக என்று காட்டிக்கொடுத்தார். 'பிதுக்கக் கூடாதும்மா, நிதானமா நெருக்கணும்.' முதல் தடவை வந்தது நெடுநேரம் வந்தது. அம்மா அதை ஏதோ திருவிழாவைப்போல் பார்த்தாள்.

கிளம்பும்போது அந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இன்னொன்றையும் சொன்னார். இதைத்தான் ஆபரேஷன் செய்த இடத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆழ்ந்த வலி போய்விட்ட நாய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு, அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடம் உருகத் தொடங்கும். நெருப்பு வைத்த திரியைப்போல மேலும் கீழுமாகப் பரவும். எவ்வளவு நேர்த்தியான ஆபரேஷனும் அதை நிச்சயமாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது; தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. மேலே ஏறி, மூச்சை இயக்குகிற நரம்புகளைத் தொடும்போது முடிந்துவிடும். நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தெரிந்துவிடும். எப்படித் தெரியும்? முதுகுத் தோலை இடுப்பிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் லேசாகக் கிள்ளிக்கொண்டே முன்னால் வர வேண்டும். ஓர் இடத்தில் தோல் சிலிர்க்கும், ஈ உட்கார்ந்தால் மாடு சிலிர்க்குமே அப்படி. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தில் சிலிர்த்தால் நல்லது. கோடு தலையை நோக்கி நகர்ந்தால், நாயை மூச்சுத் திணறவிடாமல் ஊசி போட்டுவிடுவதே நியாயம்.

அந்த வாரம் முழுவதும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கோடு பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. செக்கில் கையெழுத்தைச் சரிபார்க்கிற கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள் கோடு ஒரு விரற்கடை முன்னால் வந்ததுபோல் இருந்தது. மனைவி கிள்ளிப் பார்த்து, இல்லை, பழைய கோட்டிலேயே சிலிர்க்கிறது என்றாள். அம்மா பார்க்க மறுத்துவிட்டாள். 'அதுக்கு என்ன தெரியும், நீ எதுக்குப் போட்டுக் கிள்ளுத' என்றாள். மூன்றாம் நாள் நகரவில்லை. நான்காம் நாள் லேசான காய்ச்சல், சாப்பிடவில்லை. காய்ச்சலும் அதன் அறிகுறிகளில் ஒன்று. மூத்திரக் கிருமியின் அறிகுறியும் அதுவேதான். எது என்று விடிந்துதான் தெரிய வேண்டும். அந்த ராத்திரி நான் விழித்திருந்து ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொகுதியில் வலி என்ற சொல் முப்பத்தொரு இடத்தில் வந்திருந்தது. எண்ணினேன். விடிந்தபோது கோடு அங்கேயே இருந்தது. காய்ச்சல் மூத்திரத்தினுடையது.

கோடு கடைசிவரை நகரவில்லை. எட்டாம் நாள் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்தாள்.

இதற்குள் ஆபீஸில் விஷயம் பரவியிருந்தது. பக்கத்து கவுண்டர் அண்ணாச்சி, நல்ல மனுஷன், உரிமையோடு கேட்டார்: 'அந்தச் சவத்துக்கு ஒரு ஊசியப் போட்டு அனுப்பிர வேண்டியதுதான வே? ஒம்ம ரெண்டு மாசச் சம்பளத்த அதுல கொட்டிருக்கீரு.' நெல்லையில் சவம் என்பது எரிச்சலின் சொல். அன்பின் சொல்லாகவும் வரும். அவர் சொன்னதில் இரண்டும் இருந்தன. அவருடைய கேள்வி லேசானதல்ல. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். சினை மாடு நோய்ப்பட்டதென்று கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சீட்டு எழுதித் தருகிற கை இது. மாடு அவர்களுக்குச் சோறு. மணி எனக்கு என்ன? இதற்கு மிருக நேயர்கள் தருகிற பதில் எனக்குப் பிடிப்பதில்லை. பின்னங்காலுக்குச் சக்கரம் கட்டிய நாய் ஓடிவருகிற படத்தைப் போட்டு, அடியில் நம்பிக்கையைப் பற்றி நாலு வரி எழுதுகிறார்கள். படத்தில் ஈரத்துணி இருப்பதில்லை.

இலக்கியம் இன்னும் மோசம். தருமன் சொர்க்க வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மறுத்தான் என்பது உலக இலக்கியத்தில் ஒரு பெரிய இடம். ஆனால் மறுகணமே அந்த நாய் தருமதேவதையாகிவிடுகிறது. சோதனைதான் என்று தெரிந்து நாமும் நிம்மதியாக மூச்சுவிடுகிறோம். நாய் நாயாகவே இருந்து, சொர்க்கத்தின் தரையை நனைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்க வியாசருக்குத் தோன்றவில்லை. நம்மூர்க் கதை இன்னும் கொடூரம். திருவிடைமருதூரில் கீழை வாசலில் பட்டினத்தார், மேலை வாசலில் பத்திரகிரியார். பிச்சை கேட்டு வந்தவனிடம், 'மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ' என்கிறார் குரு. சீடரிடம் ஒரு ஓடும் ஒரு நாயும் இருக்கின்றனவாம். பத்திரகிரியார் ஓட்டை வீசியெறிகிறார், அது பட்டு நாய் சாகிறது. துறவு பூர்த்தியாகிறது. போதாதென்று, அந்த நாய் காசி ராஜனின் மகளாகப் பிறந்து வந்து முக்தியடைகிறது. இரண்டு கதைகளிலும் நாய்க்கு நாயாக இருக்க அனுமதி இல்லை. கவனித்துக்கொள்ள வேண்டிய ஒரு பிராணி அர்த்தமாக மாறியதும் கவனிப்பு தேவையில்லாமல் போய்விடுகிறது. சம்சாரி என்று பட்டினத்தார் சொன்னது மட்டும் எனக்குச் சரியென்று படுகிறது. மூன்று வேளை மூத்திரம் எடுக்கிறவன் சம்சாரிதான்.

ஆறு வாரக் கூண்டு வாசம் முடிவதற்குள் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்ற கணக்கை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தாமிரபரணி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. நாங்கள் எதிர்வீட்டு மாடிக்குப் போனோம். நான் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கூண்டோடு மணியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள். கரெண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை; கீழே தெரு முழுக்கத் தண்ணீர். காலையும் மதியமும் ராத்திரியும், டார்ச் வெளிச்சத்தில், மாடியின் மூலையில் அவள் அந்த வேலையைச் செய்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் முதல் நாள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் நாள் அந்த வீட்டுப் பையன் டார்ச் பிடித்தான்.

தை மாதம் மணியின் கால்கள் லேசாக ஆடின. மாசியில் பின்பகுதியைத் தூக்கி நாலடி வைத்தது. பங்குனியில், உடம்பு ஒரு பக்கமாகச் சாய, பின்னங்கால்கள் முன்னங்கால்களோடு பொருந்தாத ஒரு தாளத்தில், திண்ணையிலிருந்து வாசற்படிவரை போயிற்று. மனைவி அழுதாள். வீட்டில் பாயசம். நான் வீடியோ எடுத்துக்கொண்டு இராமையன்பட்டிக்குப் போனேன்.

டாக்டர் பார்த்தார். இடுக்கியை எடுத்து விரலை அழுத்தினார். கால் மடங்கியது. தலை திரும்பவில்லை. இது தண்டுவட நடை என்றார். மூளையோடு தொடர்பில்லாமல், கீழ்ப்பகுதி நரம்புகள் தங்களுக்குள் பழகி எடுத்துக்கொள்கிற நடை. சில நாய்களுக்கு மாதக்கணக்கில் கழித்து வரும். கால் எங்கே இருக்கிறதென்று நாய்க்குத் தெரியாது, மேற்புறமாக மடிந்து தேய்ந்து விரல் புண்ணாகும், உறை போட்டுவிடுங்கள். மூத்திரம்? அது இதோடு வராது. தொடர்ந்து எடுக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் இது நடை இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். 'நடக்குதே சார்' என்றார்.

இந்தக் கேள்வியை இன்னும் பெரிய இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. தண்டுவடம் அடிபட்டு நெடுநாளாகியும் உணர்ச்சி திரும்பாத 34 வீட்டு நாய்கள், அவற்றில் பல டாஷண்டுகள். 23 நாய்களுக்கு அவற்றின் மூக்கிலிருந்தே எடுத்து வளர்த்த செல்களைத் தண்டுவடத்தில் ஊசியால் செலுத்தினார்கள். 11 நாய்களுக்கு வெறும் திரவம். செல் போட்ட நாய்களில் முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து இயங்குவது முன்னேறியது. ஜாஸ்பர் என்ற டாஷண்ட் நடைப்பட்டையில் நடப்பதை உலகமே பார்த்தது. ஆனால் அந்த முன்னேற்றமும் அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடத்துக்குள்ளேயே ஏற்பட்ட புதிய தொடர்புகளால்தான், மூளை திரும்ப வந்து சேர்ந்ததால் அல்ல என்றுதான் அவர்களே எழுதினார்கள். மூத்திரக் கட்டுப்பாடு பொதுவாகத் திரும்பவில்லை. செய்தித்தாள்களில் நடை வந்தது. இது வரவில்லை.

முதுகெலும்பு முறிந்த மனிதர்களிடம், எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை மாறும் என்று 2004-ல் ஓர் ஆய்வில் கேட்டார்கள். கையும் முடங்கியவர்கள் கையைக் கேட்டார்கள். கால் மட்டும் முடங்கியவர்களில் அதிகம் பேர் முதலில் சொன்னது தாம்பத்திய உறவை. இரண்டு சாராருமே மலஜலக் கட்டுப்பாட்டை முக்கியமென்றார்கள். நடையை எல்லோருக்கும் மேலாக வைத்துப் பேசுகிறவர்கள் நடந்துகொண்டிருக்கும் நாம்தான் என்று படுகிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981-லிருந்து அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வில் 1975-ல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. தமக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். அவர் எழுந்து நடந்துவிட்டுத் தொடங்கவில்லை. நாயைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை, ஆச்சியைப் பார்த்துக்கொண்ட கைதான் மணியின் வயிற்றைத் தொட்டுக் கண்டுபிடித்தது.

கோடையில் தண்ணீர் தெளிந்ததும், தையல் தழும்பு நன்றாக மூடியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துறைக்குத் தூக்கிப்போய் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து நீந்தவிட்டோம். தண்ணீருக்குள் எடை இல்லாததால் நாலு காலும் இயங்கும். சாக்கடை கலக்கிற இடத்துக்கு மேற்கே போக வேண்டும். இந்த ஆற்றில் இப்போது எதற்கும் மேற்கே போகத்தான் வேண்டியிருக்கிறது. நீந்துகிறபோது அதன் முகத்தில் தெரிவது சந்தோஷம் என்று மனைவி சொல்கிறாள். நான் அதை மறுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அம்மாவுக்கும் எனக்கும் இதில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவள் வயிற்றில் கை வைக்கப் போகும்போதே மணி அதற்கேற்றாற்போல் உடம்பைத் தளர்த்திக்கொள்கிறதாம். அதற்குத் தெரிகிறது என்கிறாள். முன்பகுதி அவளைப் பார்க்கிறது, பார்த்துத் தளர்கிறது, பின்பகுதியில் ஒன்றும் இல்லை என்கிறேன் நான். 'அப்ப நேத்து ஏன் நான் தொடுதுக்கு முன்னாலயே முனங்கிச்சு?' என்கிறாள். என்னிடம் பதில் இல்லை. அவளிடம் ஆதாரம் இல்லை.

சென்ற தடவை இராமையன்பட்டிக்குப் போனபோது வழக்கம்போல் இடுக்கி. டாக்டர் மாறியிருந்தார், இவர் கொஞ்சம் வயதானவர், அவசரமில்லாதவர். இடது கால், நடு விரல். அழுத்தினார், கால் மடங்கியது, விடவில்லை, இன்னும் அழுத்தினார். மணி தலையைத் திருப்பியது. அம்மா என் கையைப் பிடித்தாள். அதே சமயத்தில் வெளியே வராந்தாவில் கட்டியிருந்த மாடு கத்தியது. டாக்டர் சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை மாடு கத்தவில்லை; மணியும் திரும்பவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேஸ் ஷீட்டில் 'ஆழ்ந்த வலி' என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார். விரல் புண்ணுக்குக் களிம்பு எழுதினார். அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.